ஓட்டுநர் இருக்கையில் அரிசி மூட்டை

புளூமிங்டன், இல்லினாய்

அன்புள்ள மாமாவுக்கு,

என் புல்வெட்டும் வண்டியை ரிப்பேர் பார்த்த விஷயத்தைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் காலமெல்லாம் மோட்டார் சத்தத்துக்குக் கொடுத்தது போக உங்கள் காதில் எனக்கென்று மிச்சம் ஒன்றும் இல்லை. போன வாரம் நான் “கிளட்ச்” என்றேன், நீங்கள் “என்னது கிளிஞ்சுது?” என்று கேட்டு, அத்தையைக் கூப்பிட்டு, கடைசியில் எனக்கு வேட்டி வாங்கி அனுப்புவதாக முடிவானது. அதனால்தான் கடிதம். கடைப் பையன்களில் திக்காமல் படிக்கிறவன் எவனோ அவனைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். அவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.

“அத்தனை புல்லு அறுக்கறியே மாப்ளே, ஒரு கட்டு என்ன விலைக்குப் போகுது?” என்று கேட்டீர்கள். விலைக்கே போகாது மாமா. இங்கே புல்லை விதை போட்டு, உரம் போட்டு, தண்ணீர் விட்டு வளர்க்கிறார்கள். வளர்ந்ததும், ஏன் வளர்ந்தாய் என்று வெட்டுகிறார்கள். வெட்டியதைக் காகிதப் பையில் அடைத்து வாசலில் வைத்தால் குப்பை லாரி வந்து எடுத்துப் போகும். போன கோடையில் வந்திருந்த அம்மா அந்தப் பைகளைப் பார்த்துவிட்டு அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவே இல்லை. “இந்தத் தெருவுல ஒருத்தர்கிட்டகூடவா மாடு இல்ல?” என்று கேட்டது. இல்லை என்றதும், ஒரு கப்பல் பிடித்துத் தலைவாசல் கால்நடைப் பூங்காவுக்காவது அனுப்பி வைக்கலாமே என்று யோசனை சொன்னது.

அம்மா சொன்னதில் கணக்குத் தப்பில்லை. 2005இல் நாசாவின் ஆதரவோடு, செயற்கைக்கோள் படங்களை வைத்து இந்த நாட்டின் புல்தரையை அளந்தார்கள். வீட்டு வாசல், பூங்கா, கோல்ப் மைதானம் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 1,63,800 சதுர கிலோமீட்டர். நம் தமிழ்நாடு மொத்தமே 1,30,058. தமிழ்நாடு முழுவதையும் அதில் விரித்துப் போட்டாலும் கேரளாவில் பெரும்பகுதிக்கு இடம் மிஞ்சும். இந்த நாட்டில் தண்ணீர் பாய்ச்சும் எந்தப் பயிரையும்விட இதன் பரப்பு அதிகம். ஆயிரம் அடிக்குப் போர் போட்டும் காற்று வருகிற ஊர்க்காரனிடம் இதைச் சொல்லக் கூடாதுதான், கேட்டீர்களே என்று சொல்கிறேன்.

வெட்டாமல் விட்டால் என்ன என்று அடுத்துக் கேட்பீர்கள். புளோரிடாவில் டனீடன் என்று ஒரு ஊர். அங்கே புல் பத்து அங்குலத்துக்கு மேல் வளரக் கூடாது. 2018இல் அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர், தாயார் காலமானதால் அவருடைய சொத்து வேலையாக வேறு மாநிலத்துக்குப் போயிருந்தார். புல் வெட்டச் சொல்லி ஓர் ஆளுக்குக் காசு கொடுத்து ஏற்பாடு செய்துவிட்டுத்தான் போனார். பாவம், அந்த ஆளும் இறந்துபோனார். புல்லுக்கு இந்தத் துக்கமெல்லாம் தெரியுமா? அது பாட்டுக்கு வளர்ந்தது. ஒரு நாளைக்கு 500 டாலர் என்று அபராதம் ஏறி ஏறி 30,000 டாலரை நெருங்கியது. கட்டவில்லை என்று வீட்டின் மேலேயே நகராட்சி கை வைக்கப் போக, விவகாரம் கோர்ட்டுக்குப் போனது. எங்கள் ஊர் அந்த அளவுக்குக் கறார் இல்லை. ஆனால் எதிர்வீட்டு அம்மாள், என் புல் கணுக்காலைத் தாண்டினால் குட்மார்னிங் சொல்வதை நிறுத்திவிடுவார். அதற்கு நகராட்சியே தேவலை.

என் வீட்டைச் சுற்றி இருப்பது ஐம்பது சென்ட். அதை வெட்டத்தான் இந்த வண்டி. உட்கார்ந்து ஓட்டுவது. ஸ்டியரிங், நாலு சக்கரம், பின்னால் காபி டம்ளர் வைக்க ஒரு பள்ளம். அப்பா முதல் நாள் வண்டியைச் சுற்றி வந்து, டயரை உதைத்துப் பார்த்து, “கலப்பை எங்கடா மாட்டறது?” என்று கேட்டார். கலப்பை கிடையாது, வயிற்றுக்கு அடியில் இரண்டு கத்தி சுற்றும், புல் மட்டும் வெட்டும் என்றதும் அவருக்கு வண்டி மேல் இருந்த மரியாதை போய்விட்டது. இத்தனைக்கும் ஜான் டீர் என்ற கொல்லர் 1837இல் எஃகுக் கலப்பை அடித்தது இந்த மாநிலத்தில்தான். இங்கே மண் கரிசல், களிம்பாக ஒட்டும். வார்ப்பு இரும்புக் கலப்பையில் அப்பிக்கொண்ட மண் எஃகில் வழுக்கி விழுந்தது. அப்படித் திறந்துவிட்ட நிலத்தில்தான் இப்போது வீடு கட்டி, வேலி இல்லாமல், புல் வளர்த்துக்கொண்டிருக்கிறோம்.

புல் வெட்டும் யந்திரத்துக்கு மூலபுருஷன் இங்கிலாந்தில் எட்வின் பட்டிங் என்ற மெக்கானிக். 1830இல் காப்புரிமை வாங்கினார். அவர் ஊரில் கம்பளித் துணி மில்கள். துணி மேல் சிலிர்த்து நிற்கும் நூல் பிசிறைச் சீராக வெட்ட உருளையில் கத்தி வைத்த ஒரு மிஷின் அங்கே இருந்தது. துணிக்குச் செய்வதைத் தரைக்குச் செய்தால் என்ன என்று அவருக்குத் தோன்றிவிட்டது. இளம்பிள்ளைத் தறிக்காரர்கள் யாருக்காவது அப்படித் தோன்றியிருந்தால் உடனே வீட்டில் மந்திரித்துத் தாயத்துக் கட்டியிருப்பார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

மே மாதம் வண்டி ஒரு புது வழக்கத்தைப் பிடித்தது. எடுத்த உடனே நன்றாக வெட்டும். அரை மணி நேரம் போனதும் இன்ஜின் ஓடும், வண்டி நகரும், கத்தி மட்டும் நின்றுவிடும். மஞ்சள் பொத்தானை அமுக்கி மறுபடி இழுத்தால் அடியிலிருந்து “டக்” என்று வர வேண்டிய சத்தம் வராது. நிழலில் நிறுத்தி ஒரு காபி குடித்துவிட்டு வந்தால் ஒன்றுமே நடக்காதது மாதிரி வேலை செய்யும். நம் ஊர் ஆபீசில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சில பேர் அசையாமல் இருப்பார்களே, அதற்கு நேர் மாறாக இது சாப்பாட்டுக்கு முன்னால்தான் நின்றுபோகிறது.

அந்த “டக்” சத்தம்தான் கிளட்ச். லாரி கிளட்ச் இல்லை மாமா, கரண்ட் கிளட்ச். காயில் கட்டுகிற உங்கள் தொழில்தான், அதனால் சொன்னால் உடனே பிடித்துக்கொள்வீர்கள். இன்ஜினின் கிராங்க் ஷாப்ட் அடிப்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும். அதில் ஒரு இரும்புத் தட்டு. இன்ஜினோடு அது எப்போதும் சுற்றும். அதற்குப் பக்கத்தில் ஒரு காயில், அசையாமல் நிற்கும். எதிரே இன்னொரு தட்டு, அதோடு பெல்ட் புல்லி. பொத்தானை இழுத்தால் பேட்டரியின் 12 வோல்ட் காயிலுக்குப் போகும். காந்தம் பிடித்து எதிர்த் தட்டை “டக்”கென்று இழுத்து ஒட்டவைக்கும். இரண்டும் சேர்ந்து சுற்ற, பெல்ட் ஓட, கத்தி சுற்றும். பொத்தானை அமுக்கினால் காந்தம் விடும், ஸ்பிரிங் தட்டைப் பின்னால் இழுத்துப் பிரேக் கட்டையில் மோதவைக்கும், கத்தி சில நொடிகளில் நிற்கும். தட்டுக்கும் தட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் உயிர்நாடி. ஒரு அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் அதில் பன்னிரண்டிலிருந்து பதினைந்து பங்கு இருக்க வேண்டும்.

இவ்வளவு வேலைப்பாடு எதற்கு என்றால், எல்லாம் பயம்தான். கத்தி நுனி நிமிஷத்துக்கு 19,000 அடி வேகம் வரை போகலாம் என்று இங்கே தரவிதி இருக்கிறது. மணிக்கு ஏறக்குறைய 350 கிலோமீட்டர். அதில் ஒரு கல் பட்டால் எதிர்வீட்டு அம்மாள் குட்மார்னிங்கோடு ஜன்னலையும் இழப்பார். தள்ளிக்கொண்டு போகும் சின்ன மிஷினுக்கு 1982இல் அரசாங்க விதியே நடைமுறைக்கு வந்தது: கைப்பிடியை விட்டால் மூன்று நொடிக்குள் கத்தி நிற்க வேண்டும். உட்கார்ந்து ஓட்டும் வண்டிக்கு இருக்கைக்கு அடியிலேயே ஒரு சுவிட்ச். கத்தி ஓடும்போது ஆள் எழுந்தால் இன்ஜின் செத்துப்போகும். கரும்பு மிஷினில் கை வைத்துக்கொண்டே பேரம் பேசுகிறவர்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு, இந்த வண்டி என் மேல் காட்டும் அக்கறை கொஞ்சம் கூச்சமாகவே இருக்கிறது.

வண்டி விற்ற கடைக்குப் போன் செய்தேன். மே மாதம் அவர்களுக்கு அறுவடைக் காலம், வண்டியைத் தொட மூன்று வாரம் ஆகும் என்றார்கள். கிளட்சைக் கழற்றிப் பார்ப்பீர்களா என்று கேட்டதற்கு, அதைப் பார்ப்பதில்லை, புதுசு போடுவோம் என்று பதில். புதுசு இருநூறு டாலருக்கு மேல். கூலி தனி. காயில் போயிருந்தால் கட்டுவீர்களா என்று கேட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, அப்படியொரு வேலை உலகத்தில் இருப்பதாகவே அவர் கேள்விப்பட்டதில்லை என்றார்.

உங்கள் புதுப்பேட்டைக் கடை அப்போது கண் முன்னால் வந்தது மாமா. பள்ளிக்கூட லீவில் நான் மூங்கில் குச்சியைச் சீவித் தருவேன், நீங்கள் அதைக் காயிலுக்கு மேல் ஆப்பாகச் செருகுவீர்கள். வார்னிஷ் ஊற்றி, ஸ்டேட்டருக்குள்ளே குண்டு பல்பு எரியவிட்டுக் காயவைப்பீர்கள். சேகோ மில்லிலிருந்து மோட்டார் வந்தால் வண்டியிலிருந்து இறக்கும் முன்பே மோந்து பார்த்துவிட்டு, “எரிஞ்சது ஒரு ஃபேஸ்தான், மத்தது பொழச்சிக் கெடக்குது” என்பீர்கள். நான் அன்றைக்குச் செய்த முதல் காரியம் அதுதான். குப்புறப் படுத்து வண்டிக்கு அடியில் தலையை நீட்டி மோந்து பார்த்தேன். கருகல் வாடை இல்லை. பெட்ரோலும், புளித்த புல்லும், எலி மூத்திரமும் மட்டும்தான் வந்தன. குளிர்காலத்தில் ஒரு எலிக் குடும்பம் பெல்ட் மூடிக்குள் வாடகை இல்லாமல் குடியிருந்து போயிருக்கிறது.

என் மனைவிக்கு இது பிடிக்கவில்லை. கம்ப்யூட்டர் வேலைக்கு என்று கட்டிக்கொடுத்தால் மனுஷன் மிஷினை மோந்துகொண்டு கிடக்கிறாரே என்று அவள் அம்மாவிடம் போனில் சொன்னது என் காதில் விழுந்தது. எனக்குக் காது நன்றாகவே கேட்கும்.

பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர். மக்காச்சோளம் போட்டு, வயசான பிறகு நிலத்தைக் குத்தகைக்கு விட்டவர். தடுப்புச் சுவர் இல்லாத ஊர் இது, ஒருவன் வண்டிக்கு அடியில் படுத்தால் நாலு வீட்டுக்குத் தெரியும். அவர் கேட்காமலேயே டூல்ஸ் பெட்டியோடு வந்து உட்கார்ந்துவிட்டார். ஆத்தூர், தலைவாசல் பக்கமெல்லாம் எங்களுக்கும் மக்காச்சோளம்தான், நாமக்கல் கோழிக்குப் போகிறது என்றேன். கோழிக்கா என்று சந்தோஷப்பட்டார். தான் விளைவித்ததில் பாதி பெட்ரோலில் கலக்கப் போய்விட்டது, தின்கிற வாய்க்குப் போனால் அது வேறு திருப்தி என்றார். இப்படிப் பேசுகிறவரை ஊரில் என்றால் நாம் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவோம்.

மல்டிமீட்டரை வைத்தேன். ஆறிக் கிடக்கும்போது காயில் 2.8 ஓம். 12 வோல்ட்டுக்கு நாலு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். நல்ல காயில்தான். பிறகு நின்றுபோகும் வரைக்கும் புல் வெட்டி, நின்றவுடன் சுடச்சுட அளந்தேன். 3.9. அறுந்தும் போகவில்லை, ஷார்ட்டும் ஆகவில்லை. தாமிரம் சூடேறினால் தடை ஏறும், நூறு டிகிரி ஏறினால் ஏறக்குறைய நாற்பது சதவீதம். இன்ஜினுக்கு நேர் கீழே தொங்குகிற காயில் அந்தச் சூட்டுக்குப் போகாமல் எங்கே போகும்? கரண்ட் மூன்று ஆம்பியருக்கு இறங்கிவிட்டது, காந்தத்துக்குப் பிடிமானம் குறைந்துவிட்டது. ஆனால் இது எல்லாக் கிளட்சுக்கும் நடப்பதுதானே, இது மட்டும் ஏன் தோற்றது? தட்டுகள் தேய்ந்து இடைவெளி கூடிவிட்டது. இடைவெளி இரட்டித்தால் காந்தத்தின் இழுப்பு பாதியாவதில்லை, ஏறக்குறைய நாலில் ஒன்றாகிவிடும். குளிர்ந்திருக்கும்போது எட்டிப் பிடித்துவிடுகிறது, சூட்டில் எட்டவில்லை. சித்திரை வெயிலில் லோ வோல்டேஜ் வந்தால் மோட்டார் முனகிக்கொண்டே நிற்கும் என்பீர்களே, அதே கதை. அங்கே கரண்டு ஆபீசைத் திட்டலாம். இங்கே திட்டுவதற்கு ஆள் இல்லை.

இடைவெளியைச் சரிசெய்ய வெளிப்பக்கம் மூன்று நட்டு, ஸ்பிரிங் போட்டு. ஒவ்வொரு நட்டுக்கும் பக்கத்தில் ஒரு சின்ன ஜன்னல். அந்த ஜன்னல் வழியாக இரண்டு தட்டுக்கும் நடுவில் ஃபீலர் கேஜ் விட்டு அளந்து, நட்டை முடுக்க வேண்டும். கழற்றவே வேண்டாம்! ஸ்பார்க் பிளக் ஒயரைப் பிடுங்கிவிட்டு, முன்சக்கரத்தைக் கட்டை மேல் ஏற்றினோம். பெரியவர் எடுத்த ஃபீலர் கேஜ் அவருடைய அப்பா காலத்தது. இதழெல்லாம் துருப்பிடித்து ஒரே பாளமாக ஒட்டியிருந்தது. அவர் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளாமல், “விசிட்டிங் கார்டு இருக்கிறதா?” என்று கேட்டார்.

இருந்தது மாமா. கம்பெனி அச்சடித்துக் கொடுத்தது. சீனியர் சொல்யூஷன் ஆர்க்கிடெக்ட் என்று பொன் எழுத்தில் என் பெயருக்குக் கீழே போட்டிருக்கும். வாங்கிய நாளிலிருந்து அதை ஒரு மனிதர்கூட என்னிடம் கேட்டதில்லை. இந்த நாட்டில் நல்ல அட்டையில் அச்சடிக்கும் கார்டின் கனம் பெரும்பாலும் பதினான்கு பங்கு. பன்னிரண்டுக்கும் பதினைந்துக்கும் நடுவே. கார்டை ஜன்னலில் விட்டால் ‘லொடலொட’வென்று ஆடியது, இரண்டு கார்டைச் சேர்த்து விட்டால்கூடப் போய் வந்தது. நட்டைக் கால் சுற்று, கால் சுற்றாக மூன்றையும் மாற்றி மாற்றி முடுக்கினோம். ஒன்றை மட்டும் முடுக்கினால் தட்டு கோணிக்கொள்ளும். ஒரு கார்டு உரசிக்கொண்டு நுழைய வேண்டும், இழுத்தால் லேசாகப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். மூன்றாவது ஜன்னலில் என் பதவி கிழிந்து தட்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்டது. குறடு போட்டு எடுத்தோம்.

அடுத்தது, காயில் இழுக்கிறதா என்று பார்ப்பது. இன்ஜின் ஓட்டாமல், சாவியை மட்டும் திருப்பிப் பொத்தானை இழுத்தால் “டக்” வர வேண்டும். ஆனால் இருக்கையில் ஆள் இல்லாவிட்டால் கரண்டே போகாது. நான் அடியில் கிடக்கிறேன், பெரியவருக்கு இடுப்பு முடியாது, வண்டியில் ஏற மாட்டார். மனைவியைக் கேட்கும் நேரம் இல்லை அது. மகன் ஏறி உட்கார்ந்தான். அவன் எடைக்குச் சுவிட்ச் அசையவில்லை. “நான் ஒரு ஆளே இல்லையா?” என்று அழுதுகொண்டே உள்ளே ஓடினான். கடைசியில் சாமான் அறையிலிருந்து இருபது பவுண்டு பொன்னி அரிசிப் பை வந்தது. போதவில்லை. அதன் மேல் கோதுமை மாவுப் பை ஏறியது. பொத்தானை இழுத்தேன். “டக்!” அமுக்கினேன், விட்டது. இழுத்தேன், “டக்!” நடைப்பயிற்சி போய்க்கொண்டிருந்த எதிர்வீட்டு அம்மாள் நின்று பார்த்தார். ஸ்டியரிங்குக்குப் பின்னால் அரிசி மூட்டை நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறது, வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு கால் நீட்டிக்கொண்டிருக்கிறது, பக்கத்தில் ஒரு கிழவர் கை தட்டுகிறார். அன்றைக்கு அவரே முதலில் குட்மார்னிங் சொன்னார். மணி சாயங்காலம் ஐந்து.

அதற்குப் பிறகு ஐம்பது சென்டும் ஒரே மூச்சில் வெட்டியாகிறது. வெயிலிலும் விடவில்லை. புது ஃபீலர் கேஜ் ஒன்று வாங்கி மறுபடியும் பார்த்துக்கொண்டேன். மூன்று ஜன்னலிலும் பதினான்கு. செலவு, கேஜ் விலையும் ஒரு விசிட்டிங் கார்டும்.

வினை இப்போதுதான் ஆரம்பம். பெரியவர் சும்மா இருக்கவில்லை, தெருவெல்லாம் சொல்லிவிட்டார். சனிக்கிழமை காலையில் கதவைத் திறந்தால் வாசலில் யாராவது வண்டியோடு நிற்கிறார்கள். நேற்று வந்தவர் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளவே இல்லை, நேரே “எனக்கும் அரிசி மூட்டை வேண்டியிருக்குமா?” என்று கேட்டார். கூலி கேட்க வாய் வரவில்லை. வேறு விதத்தில் வந்துவிடுகிறது. வீட்டில் இப்போது நாலு பூசணிக்காயும், யாரும் தொடாத ஒரு ஆப்பிள் பையும் இருக்கின்றன.

ஒரு வேலை உங்களுக்கு இருக்கிறது. பெரியவருடைய பழைய வண்டியின் கிளட்ச் உண்மையாகவே காயில் எரிந்தது. மீட்டரே வேண்டாம், மோந்தாலே தெரிகிறது. அவர் தூக்கிப் போட எடுத்து வைத்திருந்ததை நான் வாங்கி வைத்திருக்கிறேன். ஆடிக்கு ஊருக்கு வரும் பெரியம்மா பையன் பெட்டியில் போட்டு அனுப்புகிறேன். நாலு கிலோ இருக்கும். விமான நிலையத்தில் கேட்டால் புல்வெட்டும் வண்டியின் கிளட்ச் என்று சொல்லச் சொல்லியிருக்கிறேன், அவர்கள் நம்பினால் அவன் அதிர்ஷ்டம். காயிலை எபாக்சி ஊற்றி இறுக்கி மூடியிருக்கிறார்கள், திறக்கக் கூடாது என்றே செய்தது. நீங்கள் எப்படித் திறப்பீர்களோ தெரியாது, ஆனால் திறந்துவிடுவீர்கள். கம்பி என்ன கேஜ், எத்தனை சுற்று என்று எண்ணி, உங்கள் அட்டை நோட்டில் ‘அமெரிக்காப் புல்லு வண்டி’ என்று ஒரு பக்கம் போட்டு எழுதி வையுங்கள். கட்டி முடித்ததும் நம் டிராக்டர் பேட்டரியில் கொடுத்துப் பாருங்கள், 12 வோல்ட்தான். அவன் திரும்பும்போது அத்தை போட்ட ஜவ்வரிசி வடகத்தையும் கொடுத்துவிடுங்கள். கிளட்சையும் வடகத்தையும் ஒரே பையில் கட்ட வேண்டாம், போன தடவை ஊறுகாய்க்கு நேர்ந்த கதி இதற்கும் வேண்டாம் என்று அத்தையிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்